நீங்கிய காரணம்: பிற

அலாரம் அடித்தது. எழுந்தேன். பல் துலக்கினேன். கதவில் தொங்கிய பையிலிருந்து பால் பாக்கெட்டை எடுத்து, ஓரத்தைப் பல்லால் கடித்து, பாத்திரத்தில் ஊற்றினேன். அடுப்பைப் பற்ற வைத்தேன். நேற்றுத் துவைத்த சட்டை காயவில்லை. அதை நாற்காலியில் விரித்து ஃபேனைப் போட்டேன். திரும்பி வந்தபோது தீ சிறுத்திருந்தது. பார்த்துக்கொண்டே நின்றேன். அணைந்தது. பால் வெதுவெதுப்பாகக்கூட ஆகவில்லை.

சிலிண்டர் பதிவு செய்கிற எண் ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டியிருந்தது. இது செண்பாவின் வேலை. நான் இதுவரை அடித்ததில்லை. அடித்தேன். உடனே எடுத்தார்கள்.

“வணக்கம் சார். கேஸ் பதிவு சேவை. நான் எப்படி உதவலாம்?”

செண்பாவின் குரல்.

என் மனைவி செண்பகவல்லி போன மார்கழியில் இறந்துபோனாள். இது ஆடி மாதம்.

“சார்? லைன்ல இருக்கீங்களா?”

“இருக்கேன்.”

“சொல்லுங்க சார்.”

“சிலிண்டர் தீந்துபோச்சு.”

“ஒரு நிமிஷம் சார்… பதிவு பண்ணிட்டேன். வேற ஏதாவது உதவி வேணுமா?”

வேண்டும் என்றோ வேண்டாம் என்றோ சொல்ல வரவில்லை. அவளே நன்றி சொல்லி முடித்தாள். பிறகு வேறொரு குரல் வந்து, இந்த உரையாடலுக்கு ஒன்றிலிருந்து ஐந்துக்குள் ஸ்டார் கொடுக்கச் சொன்னது. வைத்துவிட்டேன்.

ஈரச் சட்டையைப் போட்டுக்கொண்டு வேலைக்குப் போனேன். கணபதியில் ஒரு பம்ப் கம்பெனியில் தரச் சோதனை என் வேலை. ஃபவுண்டரியிலிருந்து வரும் வார்ப்புகளில் காற்றை ஏற்றித் தண்ணீருக்குள் அமுக்குவேன். குமிழி வந்தால் தள்ளிவிடுவேன். அன்றைக்கு நிறையத் தள்ளினேன். சூப்பர்வைசர் வந்து, “என்னப்பா, நல்ல பீஸையும் சேத்துத் தள்ற?” என்றார். பாதியைத் திரும்ப எடுத்து வைத்தேன்.

செண்பா வேலை பார்த்த இடம் சரவணம்பட்டியில் இருக்கிறது. இன்சொல் சர்வீசஸ் என்று பெயர். மற்ற கம்பெனிகளுக்கு வரும் ஃபோன்களை இவர்கள் எடுத்துப் பேசுவார்கள். அவள் கேஸ் பதிவுப் பிரிவில் இருந்தாள். சிலிண்டர் விலை ஏறிய அன்று, இருக்கையிலேயே, ஹெட்செட்டைக் கழற்றாமல் சரிந்தாள். மூளையில் ரத்தக் கசிவு என்றார்கள். முப்பது வயது.

அதற்குப் பிறகு மூன்று மாதம் நான் எதுவும் செய்யவில்லை. சாப்பிட்டேன், வேலைக்குப் போனேன், தூங்கினேன். பங்குனியில் பெனாசிர் வீட்டுக்கு வந்தாள். செண்பாவுக்குப் பக்கத்து இருக்கைக்காரி. அவளையும் சேர்த்து அந்தப் பிரிவில் எல்லோரையும் வேலையை விட்டு அனுப்பியிருந்தார்கள்.

“அண்ணா, உங்ககிட்ட யாராவது சொன்னாங்களா இல்லையான்னு தெரியல. தல வெடிக்கற மாதிரி இருக்குன்னு அவ ரெண்டு தடவ டீம் லீடர்கிட்ட கேட்டா. வீட்டுக்குப் போறேன்னா. வெல ஏறின நாளும் அதுவுமா விளையாடறீங்களா, க்யூ கொறையட்டும்னு சொல்லிட்டாரு.”

எனக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை. உடல்நிலை பற்றி ஊழியர் எதையும் தெரிவிக்கவில்லை என்றுதான் கம்பெனி எழுதிக் கொடுத்திருந்தது.

தொழிலாளர் அலுவலகத்தில் மனுக் கொடுத்தேன். டீம் லீடர் அப்படிச் சொல்லவே இல்லை என்றார். பெனாசிரின் சாட்சியத்தை, வேலை போன ஆத்திரத்தில் சொல்வது என்றார் கம்பெனி வக்கீல். துணை ஆணையர் பாக்கியநாதன் அன்றைய ஒலிப்பதிவுகளைத் தரும்படி கம்பெனிக்கு எழுதினார். ஒரு பக்கத்தில் பதில் வந்தது. வேலையிலிருந்து நீங்கிய ஊழியரின் பதிவுகள் அனைத்தையும் தொண்ணூறு நாளில் அழிக்க வேண்டும் என்பது சட்டம். அழித்துவிட்டோம். கீழே ஒரு கட்டம். நீங்கிய தேதி என்ற இடத்தில் அவள் இறந்த தேதி. நீங்கிய காரணம் என்ற இடத்தில் “பிற”.

அந்தச் சட்டத்தைக் கேட்டவர்களே தொழிலாளர்கள்தான். அதற்கு முன் கம்பெனிகள் எல்லாவற்றையும் வைத்திருந்தன. எத்தனை முறை கழிப்பறைக்குப் போனாய், எந்த மாதம் எந்த நாளில் எரிந்து விழுந்தாய், யாரோடு டீ குடித்தாய். நீ போய்ச் சேரும் அடுத்த கம்பெனிக்கு அதை விற்றார்கள். செண்பாவும் காந்திபுரத்தில் போராட்ட அட்டை பிடித்துக்கொண்டு நின்றாள். தொண்டை கட்டி வீட்டுக்கு வந்து இரண்டு நாள் சைகையில் பேசினாள். அவளுக்குச் சைகையும் வேகம்தான். எனக்கு ஒன்றும் புரியாது. தலையணையால் அடிப்பாள்.

போராடி வாங்கிய சட்டம். அதைக் காட்டித்தான் அவளை அழித்தார்கள். அடுத்த விசாரணையில் வேறு ஆதாரம் கொடுக்காவிட்டால் மனுவை முடித்துவிடுவேன் என்று பாக்கியநாதன் சொல்லியிருந்தார்.

இந்த நிலையில்தான் சிலிண்டர் தீர்ந்தது.

அடுத்த நாள் லீவு போட்டுவிட்டு இன்சொல்லுக்குப் போனேன். பதிவுக் காப்பு அதிகாரி என்று ஒரு பெண். மிருதுளா. என் வயதுதான் இருக்கும். உட்காரச் சொல்லி, டீ வரவழைத்து, வருத்தம் தெரிவித்தாள். ஒவ்வொன்றையும் சரியாகச் செய்தாள்.

“எல்லாத்தையும் அழிச்சாச்சுன்னு எழுதிக் குடுத்தீங்க. நேத்து அவ என்கிட்டப் பேசினா” என்றேன்.

“அது வார்ப்புங்க சார்.”

“அப்படின்னா?”

“ஒருத்தர் பேசின காலெல்லாம் வெச்சு, அவங்க மாதிரியே பேசற ஒண்ண சிஸ்டம் கத்துக்கும். கத்துக்கிட்டதுக்கப்பறம் ஒரிஜினல் ஒண்ணு விடாம அழிச்சிருவோம். பதிவுங்கறது அச்சு மாதிரிங்க. வார்ப்பு எடுத்தாச்சுன்னா அச்ச ஒடச்சிருவோம். சட்டம் அச்சத்தான் கேக்குது.”

“அவகிட்டச் சம்மதம் வாங்கினீங்களா?”

“வேலைக்குச் சேரும்போதே கையெழுத்துப் போட்டிருக்காங்க. எல்லாரும் போடறதுதாங்க.”

“சரி. இத எவ்வளவு நாள் வெச்சிருப்பீங்க?”

அவள் கொஞ்சம் யோசித்தாள். மறைப்பதற்காக இல்லை. இதுவரை யாரும் கேட்டதில்லை போல.

“பதிவுக்குத்தாங்க தொண்ணூறு நாள். வார்ப்பு ஊழியர் இல்லீங்க. ஊழியர் இல்லேன்னா முன்னாள் ஊழியரும் ஆகாது. அதனால கெடுன்னு ஒண்ணும் கெடையாதுங்க.”

டீயில் ஆடை படிந்தது. நான் தொடவில்லை.

“மேடம், அது செண்பா இல்ல. அவ கோவில்பட்டிக்காரி. அவ பேசினா குறுக்க ஒரு வார்த்த போட முடியாது. இது மெதுவா, இழுத்து இழுத்துப் பேசுது. என்ன பண்ணி வெச்சிருக்கீங்க?”

மிருதுளாவின் முகம் மலர்ந்தது. குற்றம் சொல்லப்போகிறேன் என்று பயந்திருந்தவள், இது பாராட்டு என்று நினைத்துவிட்டாள்.

“நாங்க ஒண்ணுமே பண்ணலீங்க சார். அதுதான் இந்த வார்ப்போட விசேஷமே. எங்ககிட்ட இருக்கறதுலயே இதுக்குத்தான் டிமாண்டு. கேஸ் முடிஞ்சு இன்சூரன்ஸ், கரண்ட்டு ஆபீஸ் எல்லாரும் இந்தக் குரல்தான் வேணுங்கறாங்க. கோவமாக் கூப்பிடறவங்ககூட அடங்கிருவாங்க. அவ்வளவு நிதானம்.”

“அவளுக்கு நிதானமே கெடையாது.”

“இருந்திருக்குங்க. நான் காட்டறேன்.” திரையை என் பக்கம் திருப்பினாள். “எல்லாக் காலையும் எடுக்க மாட்டோம். கஸ்டமர் குடுத்த ஸ்டார் பாத்து, நல்ல நாளா சிஸ்டமே தேர்ந்தெடுத்துக்கும். ஸ்டாரெல்லாம் கஸ்டமரோடதுங்கறதால அத அழிக்கறதில்ல. பாருங்க, செண்பகவல்லிக்கு மத்த நாளெல்லாம் ரெண்டு, மூணுதான். வேகமாப் பேசறாங்க, புரியலைன்னு கம்ப்ளெயிண்ட்டு. ஒரே ஒரு நாள் மட்டும் காலையிலேர்ந்து வரிசையா அஞ்சு, அஞ்சு, அஞ்சு. அந்த ஒரு நாள வெச்சுத்தான் வார்ப்பே எடுத்திருக்கு. காரமடைலேர்ந்து ஒரு அம்மா என்ன சொல்லியிருக்காங்க பாருங்க. மெஸ்ஸுக்கு சிலிண்டர் கேட்டேன், எவ்வளவு பொறுமையாப் பேசுச்சு இந்தப் புள்ள. எவ்வளவு நல்லா இருக்குது! அதுக்கு அடுத்த கால் ஒண்ணுக்குத்தான் ஒரு ஸ்டார். எடுத்துட்டுப் பதிலே பேச மாட்டேங்கறாங்க, மூச்சுச் சத்தம் மட்டும்…”

பாதியில் நிறுத்தினாள்.

“என்ன தேதி மேடம்?”

செண்பா இறந்த தேதியை நானே சொன்னேன்.

அவள் திரையைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டாள். அவள் கை டீ கிளாஸில் பட்டு, கிளாஸ் சாய்ந்து, மேசை முழுக்க டீ ஓடியது. இரண்டு பேரும் துடைக்கவில்லை.

“சார், நான் இத உங்களுக்குக் காட்டவே இல்லைங்க” என்றாள்.

எழுந்து வந்துவிட்டேன். வண்டியை எடுக்காமல் பார்க்கிங்கில் நின்றேன். ஏன் அவள் மெதுவாகப் பேசினாள் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. ஆனால் எனக்குத் தெரிந்து பயன் இல்லை. தெரிந்தவர் ஒருவர் சொல்ல வேண்டும்.

அன்று மாலையே ஒரு நரம்பியல் மருத்துவரைப் பார்த்தேன். டோக்கன் வாங்கிக் காத்திருந்தேன். உள்ளே போனதும் எனக்கு ஒன்றும் இல்லை, ஒரு குரலைக் கேட்க வேண்டும் என்றேன். ஒரு மாதிரியாகப் பார்த்தார். கேஸ் எண்ணை அடித்து ஸ்பீக்கரில் போட்டேன். சிலிண்டர் எப்போது வரும் என்று கேட்டேன். அது பதில் சொன்னது. மருத்துவர் கண்ணாடியைக் கழற்றினார்.

“இன்னும் பேச விடுங்க.”

வேறெதையோ கேட்டேன். அதுவும் பதில் சொல்லிக்கொண்டே இருந்தது. அவர் பேனாவை மூடி வைத்தார்.

“ல, ள ரெண்டும் கொழையுது. நாக்கு ஒரு பக்கம் இழுக்குது. வார்த்தைய எடுத்துட்டு வரவே செரமப்படறாங்க. யாருங்க இவங்க? உங்க சொந்தமா? எங்க இருக்காங்க? ஒரு நிமிஷம்கூட லேட் பண்ணாதீங்க, உடனே கூட்டிட்டு வாங்க.”

“வர முடியாது சார்.”

“ஏன்?”

சொன்னேன். அவர் ஸ்பீக்கரைப் பார்த்தார். அது இன்னும் பேசிக்கொண்டிருந்தது. வேறு ஏதாவது உதவி வேண்டுமா என்று கேட்டது. அவரே கை நீட்டி அணைத்தார்.

ஊரே அந்தக் குரலைக் கேட்டுக்கொண்டிருந்தது. சாகப்போகிறவளின் நாக்குக் குழறலைக் கனிவு என்று பெயரிட்டு விற்றிருக்கிறார்கள். வாங்கியவர்கள் ஸ்டார் கொடுத்திருக்கிறார்கள்.

விசாரணைக்குப் போனேன். மருத்துவர் எழுதிக் கொடுத்ததை வைத்தேன். பாக்கியநாதன் பொறுமையாகப் படித்தார். ஓய்வு பெறும் வயதில் இருப்பவர், எதற்கும் அவசரப்படாதவர்.

“அழிக்கலையா அப்ப?” என்று வக்கீலிடம் கேட்டார்.

“பதிவுகளை அழித்துவிட்டோம் சார். இது ஒரு மென்பொருள். மெதுவாகப் பேசுவது அதில் ஒரு அமைப்பு. அவ்வளவுதான்.”

“கேட்டுப் பாத்துருவோமே.” பாக்கியநாதன் மேசைத் தொலைபேசியில் அடித்து ஸ்பீக்கரில் போட்டார்.

“வணக்கம்சார் கேஸ்பதிவு சேவை சொல்லுங்கசார் என்னவேணும்?”

ஒரே மூச்சில். சொல்லுங்கவுக்கும் சாருக்கும் நடுவே இடைவெளி இல்லாமல்.

“வேகமாத்தானே பேசறாங்க?” என்றார் பாக்கியநாதன்.

திருத்திவிட்டார்கள். மிருதுளா மேலே சொல்லியிருப்பாள், அவர்கள் ஏதோ ஒன்றைத் திருகியிருப்பார்கள். குழறல் இல்லை. இழுப்பு இல்லை. அது என் செண்பா. சட்டையைக் கழற்றிப் போடாம என்ன பண்ற, தோசை ஆறுது, ஃபோன எடுக்க மாட்டியா என்று ஒரே மூச்சில் கேட்கிற செண்பா. ஏழெட்டு மாதமாக மனசுக்குள் ஞாபகப்படுத்திப் பார்த்தும் எனக்குக் கிடைக்காத குரல். ஆதாரத்தை அழிப்பதற்காக அதை எனக்குத் திருப்பிக் கொடுத்திருந்தார்கள்.

“இன்னொரு தடவ போடுங்க சார்” என்றேன்.

நான் எதையோ நிரூபிக்கப்போகிறேன் என்று நினைத்துப் போட்டார். கேட்டேன். இன்னொரு தடவை என்றேன். போட்டார். வக்கீல் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். பெனாசிர் என் பின்னாலிருந்து, “அண்ணா, போதும் அண்ணா” என்றாள்.

“அறிவழகன், இதுல நான் என்னத்த எழுதறது?” என்றார் பாக்கியநாதன். அவர் குரலில் எரிச்சல் இல்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை. “ஒரு தடவ தள்ளிப் போடறேன். அதுக்கு மேல என்னால முடியாது.”

வெளியே வந்ததும் பெனாசிர் கத்த ஆரம்பித்தாள். அலுவலக வாசலில் நின்றுகொண்டு வக்கீலை, மிருதுளாவை, டீம் லீடரை, அந்தச் சட்டத்தை, அதற்காக அட்டை பிடித்த தன்னை என்று எல்லோரையும் திட்டினாள். நான் அவள் முடிக்கும்வரை நின்றேன். எனக்கும் கத்த வேண்டும்போல் இருந்தது. வரவில்லை.

“காரமடைல ஒரு மெஸ்” என்றேன்.

“என்ன?”

“கடைசியா அவகிட்ட முழுசாப் பேசினது ஒரு மெஸ்காரம்மா. காரமடை. அவங்க ஸ்டார் குடுத்திருக்காங்க. ஆள் இருப்பாங்கல்ல?”

ஞாயிற்றுக்கிழமை போனோம். காரமடையில் எத்தனை மெஸ் இருக்கும் என்று நான் யோசித்திருக்கவில்லை. கோயிலுக்கு வருகிறவர்களை நம்பித் தெருவுக்குத் தெரு இருந்தது. சாப்பிடாமல் விசாரித்தால் யாரும் நின்று பேசவில்லை. உட்கார்ந்து இலை போட்ட பிறகுதான் பேச்சு வந்தது. இட்லி, பிறகு பொங்கல், பிறகு மீண்டும் இட்லி.

“இதுக்கு மேல ஒரு வாய் சாப்பிட்டா நானும் ‘பிற’தான் அண்ணா” என்றாள் பெனாசிர்.

பல மாதங்களுக்குப் பிறகு சிரித்துவிட்டேன். அவள் என்னை ஏதோ விசித்திரத்தைப் பார்ப்பதுபோல் பார்த்தாள்.

ரயில் நிலையத்துக்குப் போகிற வழியில் கடைசியாக ஒன்று. நடத்துபவர் பெயர் மயிலாத்தாள். ஐம்பது வயது இருக்கும். கரண்டியைக் கீழே வைக்காமல் கேட்டார்.

“வெல ஏறின அன்னைக்கா? ஆமா, ஒரு புள்ள பேசுச்சு. செண்பகவல்லின்னு பேரு சொல்லுச்சு. அதுக்கு நீங்க ஆரு தம்பி?”

“வீட்டுக்காரர்” என்றாள் பெனாசிர். பிறகு மற்றதையும் சொன்னாள்.

மயிலாத்தாள் அடுப்பை அணைத்தார். பெஞ்சில் உட்கார்ந்தார். வாசலில் நின்ற இரண்டு பேரை, “சாப்பாடு இல்லீங்க, போயிட்டு அப்பறம் வாங்க” என்று அனுப்பினார்.

“செத்துப்போச்சா? அன்னைக்கேவா? பொய் சொல்லாதீங்க கண்ணு. அதுக்கப்பறம் நான் எத்தன தடவ பேசீருக்கறேன். மறுக்கா சிலிண்டருக்குக் கூப்புட்டப்பவே கேட்டேன், ஏஞ்சாமி, தலவலி சரியாப்போச்சான்னு. நல்லா இருக்கேன் மேடம்னு சொல்லுச்சே! நானும் நம்பிட்டு நிம்மதியா இருந்தனே!”

“தலவலின்னு உங்ககிட்டச் சொன்னாளா?” என்றேன்.

“எல்லாஞ் சொல்லுச்சு. என்ற போன்ல இருக்குது.”

அவருடைய ஃபோன் எல்லா அழைப்பையும் தானே பதிந்து வைக்கும். மளிகைக்காரருக்காக அப்படி வைத்திருந்தார். “காத்தால ஒரு வெல சொல்லுவான், மத்தியானம் நான் அப்படியா சொன்னேம்பான். போட்டுக் காட்டுனாத்தான் வாய மூடுவான்.” அழிக்கத் தெரியாததால் எதையும் அழித்ததில்லை.

“ஒரு தடவ கேக்கலாங்களா?” கையை நீட்டினேன்.

அவர் ஃபோனை மடியில் வைத்து இரண்டு கையாலும் மூடிக்கொண்டார்.

“தனியா உக்காந்து கேக்கற பேச்சில்ல தம்பி இது. அந்த ஆபீசருக்கு முன்னால போடறேன். அந்தக் கம்பெனிக்காரனும் உக்காந்து கேக்கட்டும். தேதி சொல்லுங்க, கடைய மூடிட்டு வாரேன்.”

சொன்னபடி வந்தார். நல்ல புடவை கட்டி, பூ வைத்துக்கொண்டு, ஃபோனைச் சுருக்குப் பையில் போட்டு இடுப்பில் செருகியிருந்தார். அவர் அதை வெளியே எடுத்ததுமே வக்கீல் எழுந்தார்.

“ஆட்சேபணை சார். இது எங்கள் முன்னாள் ஊழியருடைய குரல். அவர் நீங்கித் தொண்ணூறு நாள் எப்போதோ தாண்டிவிட்டது. சட்டப்படி இந்தப் பதிவு இருக்கவே கூடாது. கேட்கக் கூடாது என்பது மட்டுமில்லை, இதை இங்கேயே அழிக்கச் சொல்லி உத்தரவு போட வேண்டும்.”

நான் எழுந்தேன். ஏன் எழுந்தேன் என்று தெரியவில்லை. நாற்காலி பின்னால் விழுந்தது. பெனாசிர் என் சட்டையைப் பிடித்து இழுத்தாள். அதற்குள் மயிலாத்தாள் ஆரம்பித்துவிட்டார்.

“இது ஆரு போனுங்க?”

“உங்க போன்தாம்மா. ஆனா சட்டம் என்ன சொல்லுதுன்னா…” என்றார் வக்கீல்.

“என்ற போனு. என்றகிட்டப் பேசுச்சு அந்தப் புள்ள. அழிக்கறதுக்கு நீ ஆருய்யா? கேட்டவ காதையும் அறுக்கச் சொல்லி உன்ற சட்டத்துல எழுதீருக்குதா?”

“அம்மா, உக்காருங்க” என்றார் பாக்கியநாதன். பிறகு வக்கீலிடம் திரும்பினார். “சார், ஊழியரோட பதிவ முதலாளி அழிக்கணும்னுதான் சட்டம் சொல்லுது. இந்தம்மா யாருக்கு முதலாளி?”

“மெஸ்ஸுல ரெண்டு பேருக்குங்க” என்றார் மயிலாத்தாள்.

“போடுங்கம்மா.”

வக்கீல் உட்கார்ந்தார். அவருக்குப் பக்கத்தில் டீம் லீடர். அவருக்குப் பின்னால் மிருதுளா. அன்றைக்குத்தான் அவளை மறுபடி பார்த்தேன். குனிந்திருந்தாள்.

மயிலாத்தாள் விரலால் தேடி அழுத்தினார்.

முதலில் பாத்திரச் சத்தம். பிறகு செண்பா. வணக்கம் சார் என்றாள். சாரில்ல கண்ணு, அக்கா என்றார் மயிலாத்தாள். மன்னிச்சுருங்கக்கா என்றாள். வார்ப்பு பேசியதைவிட மெதுவாக இருந்தது. வார்ப்பில் மூச்சு இல்லை. இதில் ஒவ்வொரு சொல்லுக்கும் முன்னால் மூச்சு வாங்கியது. சிலிண்டர் எண்ணைக் கேட்டாள். மறந்துவிட்டு மறுபடியும் கேட்டாள். ஏன் கண்ணு, உடம்பு சரியில்லையா என்று கேட்டார் மயிலாத்தாள்.

“தல வெடிக்குதுக்கா. கண்ணு தெரிய மாட்டேங்கு. வீட்டுக்குப் போறேன்னு கேட்டேன். விட மாட்டேங்காங்க.”

அப்போது பின்னாலிருந்து ஓர் ஆண் குரல். தூரத்தில், ஆனால் தெளிவாக. “செண்பகவல்லி, அங்க என்ன கத? தலவலிய நாளைக்கு வெச்சுக்கலாம். க்யூவப் பாருங்க.”

பெனாசிர் டீம் லீடரைப் பார்த்தாள். எல்லோரும் பார்த்தோம். அவர் மேசையின் விளிம்பைப் பார்த்துக்கொண்டிருந்தார். வக்கீல் பேனாவை மூடிச் சட்டைப் பையில் செருகினார். பாக்கியநாதன் எழுத ஆரம்பித்தார். வேகமாக எழுதினார். அவர் அப்படி எழுதி நான் பார்த்ததில்லை.

“நிறுத்தட்டுங்களா?” என்று கேட்டார் மயிலாத்தாள். என்னைத்தான் கேட்டார். அவர் முகம் நனைந்திருந்தது.

“ஓடட்டும்” என்றேன்.

பதிவு பண்ணிட்டேன்க்கா என்று செண்பா சொல்வது கேட்டது. சரி கண்ணு, அடுப்புல கொழம்பு கெடக்குது, போன வெக்கட்டுமா என்றார் மயிலாத்தாள். கொஞ்ச நேரம் மூச்சு மட்டும். கரண்டி தட்டும் சத்தம். பிறகு அவள் சொன்னாள், யாருக்கும் கேட்டுவிடக் கூடாது என்பதுபோல, சின்னக் குரலில்:

“வெச்சிராதீங்கக்கா. நீங்க வெச்சா அடுத்த கால் வந்துரும்.”